டாலருக்கு இரண்டு விலை இருந்த நாடு

1982-ஆம் ஆண்டு கானா நாட்டில் ஒரு அமெரிக்க டாலர் என்ன விலை என்று வங்கியில் கேட்டிருந்தால் 2 சீடி 75 பெசேவா என்று சொல்லியிருப்பார்கள். சீடி என்பது அந்த நாட்டுப் பணம். அக்கான் மொழியில் சோழிக்கு உள்ள பெயரிலிருந்து வந்த சொல் அது. ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கச் சோழிதான் காசாகப் புழங்கியது. அதே கேள்வியை வெளியே கள்ளச் சந்தையில் கேட்டால் 60 சீடிக்கு மேல் சொல்லியிருப்பார்கள். வங்கியில் டாலர் மலிவு, ஆனால் கிடைக்காது. வெளியே கிடைக்கும், ஆனால் விலை இருபது மடங்குக்கும் மேல்.

ஒரு நாட்டின் பொருளாதாரம் எப்படிப் படுத்துவிடுகிறது, படுத்தது எப்படி எழுந்து உட்காருகிறது என்று புரிந்துகொள்ள இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ஆப்பிரிக்க நாடு ஒன்று நொடித்துப்போனது என்றாலே பஞ்சம், ராணுவப் புரட்சி, ஊழல் என்று மூன்று காரணங்கள் நம் மனதில் வரிசையாக வந்து நின்றுவிடும். கானாவில் மூன்றுமே இருந்தன. ஆனால் பஞ்சம் ஓரிரு ஆண்டுகளில் தீரும். கானாவின் சரிவோ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நீடித்தது. அவ்வளவு நீண்ட சரிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே மெதுவாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை; பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கையில் காசோடு பிறந்த நாடு

கானா 1957 மார்ச் 6 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அப்போது அது ஏழை நாடு என்று யாரும் சொல்லவில்லை. ஏறக்குறைய 20 கோடி பவுண்டு சேமிப்பு லண்டனில் இருந்தது. மண்ணுக்கு அடியில் தங்கம். மண்ணுக்கு மேலே கொக்கோ.

கொக்கோதான் இந்தக் கதையின் நடுநாயகம். சாக்லேட்டுக்கான மூலப்பொருள். 1879-இல் டெட்டே குவாஷி என்பவர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொக்கோ விதைகளைக் கொண்டுவந்து நட்டார் என்று கானாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெரிய எஸ்டேட் முதலாளிகள் யாரும் இல்லாமல், காட்டோரத்தில் சில ஏக்கர் வைத்திருந்த சாதாரணக் குடும்பங்களே அதை வளர்த்தன. காயை வெட்டி, உள்ளே வெள்ளைச் சதையோடு இருக்கும் கொட்டைகளை வாழை இலை போட்டு மூடி ஏறக்குறைய ஒரு வாரம் புளிக்கவைத்து, பிறகு மூங்கில் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். இப்படி வீட்டு முற்றத்தில் காய்ந்த கொட்டைகளால் கானா பல பத்தாண்டுகள் உலகின் மிகப் பெரிய கொக்கோ உற்பத்தி நாடாக இருந்தது. 1964-65-இல் விளைச்சல் ஐந்தரை லட்சம் டன்னைத் தொட்டது.

முதல் தலைவர் குவாமே இன்க்ருமா அவசரக்காரர். ஒரு தலைமுறையிலேயே தொழில் நாடாகிவிட வேண்டும் என்று நினைத்தார். அக்கோசொம்போவில் வோல்டா ஆற்றை மறித்து அணை, டேமாவில் புதுத் துறைமுகம், பள்ளிகள், சாலைகள், ஏகப்பட்ட அரசு ஆலைகள். இவற்றில் பல இன்றும் நாட்டுக்குச் சோறு போடுகின்றன. ஆலைகள் சிலவற்றுக்குத்தான் மூலப்பொருளும் இல்லை, சந்தையும் இல்லை. சேமிப்பு கரைந்தது, கடன் ஏறியது. விளைச்சல் உச்சத்தில் இருந்த அதே நேரம் உலகச் சந்தையில் கொக்கோ விலை விழுந்தது. 1966 பிப்ரவரியில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது.

இதுவரை நடந்தது பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. அதிகமாகச் செலவழித்துவிட்டு இறுக்கிப் பிடிக்கும் நிலைக்கு வந்த நாடுகள் ஏராளம். உண்மையான சேதம் அதற்கப்புறம் நடந்தது.

கணக்கு

கானாவில் விவசாயி கொக்கோவை இஷ்டப்பட்ட இடத்தில் விற்க முடியாது. அரசின் கொக்கோ வாரியம் விலையை நிர்ணயித்து வாங்கும், வெளிநாட்டுக்கு விற்கும், டாலர் அரசுக்கு வரும். நமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. நெல்லுக்குக் கொள்முதல் விலை என்று நாம் சொல்வதைப் போலத்தான், ஒரே வித்தியாசம், அங்கே அப்போது தனியாருக்கு விற்கும் வழி இல்லை.

இப்போது ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் உலகச் சந்தையில் ஒரு டன் கொக்கோ சுமார் 1,700 டாலர். வாரியம் அதை விற்று, வந்த டாலரை அரசு விலையில் சீடியாக மாற்றினால் 1,700 பெருக்கல் 2.75. அதாவது 4,675 சீடி. ஆனால் விவசாயிக்கு அறிவித்திருந்த கொள்முதல் விலையோ டன்னுக்கு 12,000 சீடி. விற்று வருவதைவிட இரண்டரை மடங்கு கொடுத்து வாங்குகிறது வாரியம்! ஒவ்வொரு டன்னிலும் ஏழாயிரம் சீடிக்கு மேல் நஷ்டம். அந்த நஷ்டத்தை அரசு நோட்டு அடித்து ஈடுகட்டியது.

அப்படியானால் விவசாயி கொழித்திருக்க வேண்டும் அல்லவா? அவர் பக்கம் போய்ப் பார்ப்போம். அவருக்கு வேண்டியது வெட்டுக்கத்தி, சோப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குத் துணி. இவை எல்லாம் கடையில் கள்ளச் சந்தை விலைக்குத்தான் கிடைக்கும், ஏனென்றால் கொண்டுவருபவருக்கு டாலர் அந்த விலைக்குத்தான் கிடைக்கிறது. 12,000 சீடியை 60-ஆல் வகுத்துப் பாருங்கள். 200 டாலர். 1,700 டாலர் மதிப்புள்ள கொக்கோவை விளைவித்தவர் கைக்கு வந்தது 200 டாலர் மதிப்புதான்.

கொடுத்தவனுக்கும் நஷ்டம், வாங்கியவனுக்கும் நஷ்டம். மீதி ஆயிரத்து ஐந்நூறு டாலர் எங்கே போனது?

என் கண்ணுக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான். அந்தப் பணம் 2.75 சீடிக்கு டாலர் வாங்க முடிந்தவரிடம் போனது. இறக்குமதி உரிமம் வைத்திருந்தவர், அந்த உரிமத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்த அதிகாரி, அவருக்கு வேண்டியவர்கள். 1,000 டாலரை 2,750 சீடி கொடுத்து வாங்கி, அதே தெருவில் 60,000 சீடிக்கு விற்கலாம். ஒரு பொருளும் செய்ய வேண்டாம், ஒரு வேர்வைத் துளியும் சிந்த வேண்டாம், ஒரு கையெழுத்து போதும். டாலர் விலையைக் குறைத்து வைத்தால் ஏழைகளுக்குப் பொருட்கள் மலிவாகக் கிடைக்கும் என்றுதான் அரசுகள் வாதிட்டன. நடந்தது என்னவென்றால், காட்டோர விவசாயியிடமிருந்து எடுத்துத் தலைநகர் அக்ராவில் செல்வாக்குள்ளவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு. வரி என்ற பெயரே இல்லாமல் வாங்கப்பட்ட வரி அது.

பொருளாதாரத்தில் இதை மிகை மதிப்புள்ள நாணயம் என்பார்கள். பெயர் எதுவானாலும் பரவாயில்லை, சாரம் இதுதான்: நாட்டுப் பணத்துக்கு அரசு ஒரு மதிப்பை அறிவித்து, உண்மையான மதிப்பு அதைவிட வெகுவாகக் கீழே போன பிறகும் அறிவிப்பை மாற்றாமல் வைத்திருப்பது. அப்போது ஏற்றுமதி செய்பவன் தண்டிக்கப்படுகிறான், இறக்குமதி உரிமம் உள்ளவன் பரிசு பெறுகிறான்.

தண்டனை பெற்ற விவசாயி என்ன செய்வார்? கானாவுக்கு மேற்கே ஐவரி கோஸ்ட், கிழக்கே டோகோ. இரண்டு நாடுகளிலும் புழங்கிய சி.எஃப்.ஏ. பிராங்க், பிரான்சின் நாணயத்தோடு நிலையான விகிதத்தில் கட்டப்பட்டது, நம்பி வாங்கலாம். கிழக்கே அஃப்லாவோ என்ற எல்லை ஊரில் நின்றால் டோகோவின் தலைநகர் லோமே கண்ணெதிரே இருக்கிறது. இரவோடு இரவாக மூட்டைகள் எல்லை தாண்டின. தாண்ட வசதியில்லாதவர்கள் மரங்களைக் கவனிப்பதை விட்டார்கள். மருந்தடிப்பதில்லை, வயதான மரத்தை வெட்டிப் புதிது நடுவதில்லை. கொக்கோக் கன்று காய்க்கவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால் இந்தப் புறக்கணிப்பின் விளைவு மெதுவாகத்தான் தெரிந்தது. 1983-84-இல் விளைச்சல் ஒன்றரை லட்சம் டன்னுக்குச் சற்று மேலே நின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஒன்று நின்றால் அடுத்ததும் நிற்கும்

சரிவு தன்னைத்தானே எப்படித் தள்ளிக்கொண்டு போகிறது என்பதற்கு லாரி நல்ல உதாரணம். கொக்கோ குறைந்தால் டாலர் குறையும். டாலர் இல்லாவிட்டால் டயரும் உதிரிபாகமும் வராது. லாரிகள் ஒவ்வொன்றாகக் கட்டையில் ஏற்றி நிறுத்தப்படும். சாலைக்குத் தார் போடவும் காசில்லை. அப்போது விளைந்த கொக்கோகூடக் கிராமத்திலேயே தேங்கிவிடும். டாலர் இன்னும் குறையும். 1982-இன் தொடக்கத்தில் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்றால், பல்கலைக்கழக மாணவர்கள் வகுப்புகளை விட்டுக் கிராமங்களுக்குப் போய்த் தேங்கிக் கிடந்த மூட்டைகளைச் சுமந்து ஏற்றினார்கள். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. ஆனால் மாணவர்கள் மூட்டை தூக்கித் தீரும் பிரச்சினையாக அது இல்லை.

இன்னொரு பக்கம் பணவீக்கம். ஏற்றுமதி குறைந்ததும் அரசின் வரி வருமானமும் சுருங்கியது, ஏனென்றால் வரியில் பெரும்பகுதி கொக்கோவிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்தது. 1983 வாக்கில் நாட்டின் மொத்த வருமானத்தில் சுமார் 5 சதவீதம்தான் அரசுக்கு வரியாக வந்தது. அதை வைத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. ஆகவே நோட்டு அச்சடித்தார்கள். பொருள் குறைந்துகொண்டே வர, பணம் கூடிக்கொண்டே போனால் விலைவாசி என்ன ஆகும்? 1977-இல் ஓராண்டில் விலைகள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறின. 1983-இல் மறுபடியும் அப்படியே.

சோப்பு, சர்க்கரை, டின் பால், மத்தி மீன் டின். இந்த நான்கும் அந்தக் காலத்து மக்கள் நினைவில் அப்படியே உறைந்திருக்கின்றன. அத்தியாவசியப் பொருட்கள் என்று பட்டியல் போட்டு அரசு விலை வைத்தது. அந்த விலைக்கு வாங்க அதிகாரியிடமிருந்து துண்டுச் சீட்டு வேண்டும். சீட்டு கிடைத்தவர் பொருளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, வாசலிலேயே பல மடங்கு விலைக்குக் கைமாற்றிவிடுவார். இதற்கு மக்கள் வைத்த பெயர் கலபுலே. ஹௌசா மொழியிலிருந்து வந்த சொல் என்பார்கள். பதுக்கல், கள்ளச் சந்தை, சீட்டு வியாபாரம் எல்லாம் சேர்ந்த ஒரே சொல்.

மக்களின் கோபம் யார் மீது திரும்பியது என்பது வருத்தமான விஷயம். சீட்டு எழுதிய மேசைகளை விட்டுவிட்டுச் சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் மீது அது பாய்ந்தது. கண்ணுக்குத் தெரிந்தது அவர்கள்தானே. 1979 ஜூன் 4 அன்று ஜெர்ரி ராலிங்ஸ் என்ற இளம் விமானப்படை அதிகாரியை முன்னிறுத்தி வீரர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். முன்னாள் ஆட்சியாளர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் அக்ராவின் பெரிய சந்தையான மகோலாவை ராணுவம் தரைமட்டமாக்கியது. பெண் வியாபாரிகள் பலர் பொதுவெளியில் சவுக்கால் அடிக்கப்பட்டார்கள். விலை இறங்கியதா? சில நாட்கள் இறங்கியது, இருந்த சரக்கு தீரும் வரை. அப்புறம் சரக்கே வரவில்லை. அரசு சொன்ன விலைக்கு விற்றால் அடுத்த லோடு வாங்கக் காசு தேறாது என்பதுதான் வியாபாரிக்குத் தெரிந்த கணக்கு. அதற்குச் சவுக்கால் பதில் சொல்ல முடியாது.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த தவறை ஏன் யாரும் திருத்தவில்லை என்று கேட்கத் தோன்றும். திருத்த முயன்றார்கள். 1971 டிசம்பர் கடைசி வாரத்தில் பிரதமர் கோஃபி புசியா சீடியின் மதிப்பை ஒரேயடியாகக் குறைத்தார். இறக்குமதிப் பொருட்களின் விலை ஒரே நாளில் எகிறியது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, 1972 ஜனவரி 13 அன்று கர்னல் அச்செம்பாங் ஆட்சியைக் கைப்பற்றி, குறைத்த மதிப்பில் ஒரு பகுதியைத் திரும்ப உயர்த்தினார். நாணயத்தின் மதிப்பைக் குறைத்தால் நாற்காலி போய்விடும். அடுத்த பதினோரு ஆண்டுகளுக்கு கானாவின் ஆட்சியாளர்கள் மனதில் ஆழமாகப் பதிந்த பாடம் இது ஒன்றுதான். இடையில் 1978-இல் ஒரு முறை 2.75-க்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். மதிப்பைக் குறைத்தால் உடனே வலிப்பது நகரத்தில் உள்ளவர்களுக்கு: அரசு ஊழியர், மாணவர், ராணுவ வீரர். பலன் மெதுவாகப் போய்ச் சேர்வது கிராமத்து விவசாயிக்கு. ஊர்வலம் போகவும் ஆட்சியைக் கவிழ்க்கவும் முடிந்தவர்கள் முதல் வகையினர்.

1983

ராலிங்ஸ் 1979-இல் தேர்தல் நடத்தி ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, 1981 டிசம்பர் 31 அன்று மறுபடியும் கைப்பற்றினார். சோஷலிசப் பேச்சு, மக்கள் குழுக்கள், விலைக் கட்டுப்பாடு. 50 சீடி நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். எதுவும் பலிக்கவில்லை.

அப்போது வந்தது 1983. இரண்டு ஆண்டுகளாக மழை பொய்த்திருந்தது. காட்டுத்தீ கொக்கோத் தோப்புகளையும் உணவுப் பயிர்களையும் எரித்தது. வோல்டா ஏரியில் நீர்மட்டம் விழுந்து மின்சாரம் குறைந்தது. ஜனவரியில், எண்ணெய்ப் பணம் வற்றத் தொடங்கிய நைஜீரியா, உரிய ஆவணம் இல்லாத வெளிநாட்டினர் எல்லோரும் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்றது. ஏறக்குறைய பத்து லட்சம் கானா மக்கள் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு பட்டினி நாட்டுக்குத் திரும்பினார்கள். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களிலும் பார்க்கும் அந்தப் பெரிய கட்டம் போட்ட பிளாஸ்டிக் பைக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் ‘கானா மஸ்ட் கோ’ என்றுதான் பெயர். கானாக்காரனே போ என்று அர்த்தம். பசியால் மெலிந்து கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றதை மக்கள் ‘ராலிங்ஸ் சங்கிலி’ என்றார்கள்.

திரும்பி வந்த பத்து லட்சம் பேரைக் கிராமங்கள் ஏற்றுக்கொண்டன. அகதி முகாம்களில் காலம் தள்ளாமல் பெரும்பாலோர் உறவினர் வீடுகளில் கலந்துவிட்டார்கள். இதைப் புள்ளிவிவரங்களில் தேடினால் கிடைக்காது, ஆனால் அந்த நாடு முழுதாகச் சிதறாமல் நின்றதற்கு இதுவும் காரணம்.

அந்த ஏப்ரலில், மார்க்சியச் சிந்தனையாளராக அறியப்பட்ட நிதிச் செயலர் குவேசி போச்வே வாசித்த பட்ஜெட்டில்தான் திருப்பம். மதிப்புக் குறைப்பு என்ற சொல்லை அதில் பயன்படுத்தவில்லை. ஏற்றுமதி செய்பவருக்கு டாலருக்கு இவ்வளவு போனஸ், இறக்குமதி செய்பவருக்கு இவ்வளவு கூடுதல் கட்டணம் என்று சுற்றி வளைத்து அதே காரியத்தைச் செய்தார்கள். 1971-இன் பயம் அவ்வளவு ஆழமாக இருந்தது. அக்டோபரில் வெளிப்படையாகவே டாலருக்கு 30 சீடி என்று அறிவித்தார்கள். சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் கடன் கொடுத்தன. அதற்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, 1986-இல் வாராந்திர டாலர் ஏலம் தொடங்கி, 1988-இல் தனியார் நாணய மாற்று நிலையங்களை அனுமதித்து, கடைசியில் இரண்டு விலைகளும் ஒன்றையொன்று நெருங்கின.

பழைய காகிதத்தை எடுங்கள். அதே 1,700 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். 30-ஆல் பெருக்கினால் 51,000 சீடி. விவசாயிக்கு 1983-இல் அறிவித்த விலை 20,000. கொடுத்தது போக 31,000 சீடி வாரியத்திடமும் அரசிடமும் மிஞ்சுகிறது. நேற்றுவரை டன்னுக்கு ஏழாயிரம் நஷ்டப்பட்ட அதே நாடு, அதே கொட்டை! இனி நோட்டு அடிக்க வேண்டிய நெருக்கடி குறைகிறது, விவசாயிக்குக் கூட்டிக் கொடுக்கவும் வழி பிறக்கிறது. 1986-87-இல் கொள்முதல் விலை 85,000 சீடி அளவுக்குப் போயிற்று. மற்ற விலைகளும் ஏறின என்பது உண்மைதான், ஆனால் கொக்கோ விலை அவற்றை முந்தி ஏறியது. எல்லை தாண்டிய மூட்டைகள் திரும்பிவரத் தொடங்கின. 1980-களின் கடைசியில் விளைச்சல் மூன்று லட்சம் டன்னை எட்டியது.

டாலர் விலையை மாற்றினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. கடனாக வந்த டாலரில் டயர், உதிரிபாகம், ரயில் பாதை, சாலை என்று முதலில் வாங்கினார்கள். லாரி ஓடாவிட்டால் கொள்முதல் விலை ஏட்டில்தான் இருக்கும். 1984-இல் மழையும் பெய்தது. சோளம் விளைந்து உணவு விலை இறங்கியது. பணவீக்கம் 1983-இல் 120 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, 1985-இல் 10 சதவீதத்துக்கு வந்தது. சுருங்கிக்கொண்டிருந்த பொருளாதாரம் 1984-இல் 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது, பிறகு ஆண்டுக்கு 5 சதவீதம் அளவில் நிலைத்தது. சீர்திருத்தம் பாதி, மழை பாதி என்று சிலர் சொல்வார்கள். அந்த முதல் ஆண்டுக்கு அது பொருந்தும். அடுத்தடுத்த ஆண்டுகளின் வளர்ச்சியை மழைக்கணக்கில் எழுத முடியாது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பல்லாயிரம் அரசு ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 1985-இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் உயர்ந்தது. ‘கேஷ் அண்ட் கேரி’ என்று அதற்குப் பெயர். காசைக் கட்டு, மருந்தை எடு. காசில்லாதவர்கள் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கான நிவாரணத் திட்டம் 1987-இல்தான் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் தாமதம். மீட்சி தேவையாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் நோயாளியிடம் வாசலில் காசு கேட்டது அந்த மீட்சிக்குத் தேவையான பகுதி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2003-இல் தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்து அந்த முறையை மாற்றும் வரை ஒரு தலைமுறை அதைத் தாங்கியது.

அதற்குப் பிறகு

1992-இல் புதிய அரசியல் சட்டம், தேர்தல். அதன் பின் ராணுவம் ஆட்சிக்கு வரவில்லை. ஆளும் கட்சி தோற்றுப் பதவியை ஒப்படைப்பது 2000-த்திலிருந்து வழக்கமாகிவிட்டது. 1991-92-இல் மக்களில் பாதிப் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள், 2012-13-இல் நான்கில் ஒருவர் என்று குறைந்தது. 2007-இல் சீடியிலிருந்து நான்கு பூஜ்ஜியங்களை வெட்டினார்கள்: 10,000 பழைய சீடி ஒரு புதிய சீடி. அதே ஆண்டு கடலில் எண்ணெய் கிடைத்தது, 2010 டிசம்பரில் வெளியே வரத் தொடங்கியது.

எண்ணெய் வருகிறது என்றதும் கடன் கொடுக்க வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வரிசையில் நின்றார்கள். தேர்தல் வரும் ஆண்டெல்லாம் செலவு எகிறியது. கொரோனாவும் உக்ரைன் போருக்குப் பின் வந்த விலையேற்றமும் சேர்ந்தபோது தாங்கவில்லை. 2022 டிசம்பரில் கானா தன் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் இலங்கை அறிவித்ததைப் போன்ற அறிவிப்புதான். அந்த மாதம் பணவீக்கம் 54 சதவீதம். அரசுப் பத்திரங்களில் சேமிப்பைப் போட்டிருந்த ஓய்வூதியர்கள் அக்ராவில் நிதி அமைச்சகத்தின் முன் வந்து உட்கார்ந்தார்கள். 2023 மே மாதம் நாணய நிதியம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. கானா அங்கே போவது அது பதினேழாவது முறை.

இம்முறை நோய் வேறு. 1983-இல் டாலருக்குப் பொய் விலை, 2022-இல் தாங்க முடியாத கடன். ஆனால் கொக்கோவில் மட்டும் பழைய கணக்கு வேறு வேடத்தில் திரும்பி வந்தது. வாரியம் அறுவடைக்கு முன்பே பெரும்பகுதியை ஒப்பந்தம் போட்டு விற்றுவிடும், அந்த விலையை வைத்துத்தான் விவசாயிக்கு விலை சொல்லும். 2024-இன் தொடக்கத்தில் உலக விலை திடீரென்று ஏறி, மார்ச் கடைசியில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. வாரியமோ பழைய, மிகக் குறைந்த விலைக்கு விற்று முடித்திருந்தது. விவசாயிக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது டன்னுக்கு 20,928 புதிய சீடி. ஏப்ரலில், பருவத்தின் நடுவிலேயே 33,120 சீடியாக உயர்த்தினார்கள். அன்றைய டாலர் விலையில் அது சுமார் 2,500 டாலர், உலக விலையில் நான்கில் ஒரு பங்கு. மூட்டைகள் மறுபடியும் எல்லையை நோக்கி நகர்ந்தன. சிலர் தோப்பையே தங்கம் தோண்டுபவர்களுக்கு விற்றார்கள். தோண்டிய பிறகு அந்த மண்ணில் கொக்கோ வராது.

2024 செப்டம்பரில் புதிய பருவத்துக்கான விலையை வாரியம் டன்னுக்கு 48,000 சீடியாக அறிவித்தது, பதினாறு மூட்டை ஒரு டன் என்ற கணக்கில் மூட்டைக்கு 3,000 சீடி. சில வாரங்களில் ஐவரி கோஸ்ட் தன் விவசாயிகளுக்கு கிலோவுக்கு 1,800 பிராங்க் என்றது. இரண்டையும் டாலருக்கு மாற்றிப் பார்த்தால் டன்னுக்கு 3,000 டாலரை ஒட்டியே வருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்தப் பருவம் ஏறத்தாழ ஒரே விலையோடு தொடங்கியது.